புழல் கோட்டைக் கதை: ஒரு மதிப்பாய்வு

புழல் கோட்டைக் கதை என்பது சென்னைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள ஊர்களில் வழங்கிவரும் தொன்மம். குறும்பர் என்னும் மக்களின் கோட்டையைத் தொண்டைமான் என்ற மன்னன் வென்றதையும், அந்த வெற்றிக்குத் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் துணைநின்றதையும் இது கூறுகிறது. திருமுல்லைவாயில் கோயிலின் தலவரலாற்றிலும், 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஊர்வழக்குக் குறிப்புகளிலும் இக்கதை இருவேறு வடிவங்களில் கிடைக்கிறது. கோயில் கையேடுகளும் இணையக் கட்டுரைகளும் இவ்விரண்டையும் கலந்து வரலாறு என்றே எழுதிவருகின்றன. கதையின் எந்தப் பகுதி எவ்வளவு பழையது, எது பின்னர் சேர்ந்தது, வென்றவரும் தோற்றவரும் அதில் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதேபோன்ற கோட்டைக் கதையைக் கொண்ட வியட்நாமின் கோ லோவா நகரம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இடமும் பெயரும்

புழல் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவன ஏரியும் மத்தியச் சிறையுமே. சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்றான இவ்வேரி செங்குன்றம் ஏரி என்றும் வழங்கப்படுகிறது. ஆனால் பழைய ஆவணங்களில் புழல் ஓர் ஆட்சிப் பிரிவின் பெயர். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்பெயர் இடம்பெறுகிறது. இங்கே ‘கோட்டம்’ என்பது மதில் சூழ்ந்த கோட்டையைக் குறிக்காது. பல நாடுகளும் ஊர்களும் அடங்கிய நிலப்பகுதியைக் குறிக்கும். கோட்டம், கோட்டை ஆகிய சொற்களின் ஒலி ஒற்றுமையால், 24 கோட்டங்களை 24 கோட்டைகள் என்று எழுதும் பிழை பல இடங்களில் காணப்படுகிறது. புழல் கதையைப் படிப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வேறுபாடு.

‘குறும்பு’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. இன்று இது பிள்ளைகளின் சேட்டையைக் குறிக்கும். பழந்தமிழில் குறும்பு என்பது காட்டிலோ மலையிலோ அமைந்த சிறிய அரணையும் அதை ஆண்ட குறுநிலத் தலைவரையும் குறித்தது. வேந்தனை அலைக்கழிக்கும் கொலைத்தொழில் குறும்பு இல்லாததே நல்ல நாடு என்று திருக்குறளின் நாடு அதிகாரம் கருதுகிறது. ஆக, பேரரசுக்கு அடங்காத சிற்றரண்காரர்களைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் இது இருந்துள்ளது. மறுபுறம், குறும்பர் என்பது ஆடு மேய்க்கும் மக்களின் பெயராகவும் வழங்குகிறது. குறும்பாடு என்ற சொல் இன்றும் உண்டு. புழல் கதையில் வரும் குறும்பர் ஓர் இனத்தவரா, அரண் வைத்திருந்த தலைவர்களா என்ற கேள்விக்குக் கதை விடை தருவதில்லை. இன்று நீலகிரியிலும் வட மாவட்டங்களிலும் அப்பெயரோடு வாழும் மக்கள் அனைவரையும் புழல் குறும்பரின் நேர் வழியினர் என்று பெயரொற்றுமையை மட்டும் கொண்டு கூறிவிட முடியாது.

கதையின் இரு வடிவங்கள்

முதல் வடிவம் திருமுல்லைவாயில் கோயிலைச் சார்ந்தது. தொண்டைமான் புழல் கோட்டையில் இருந்த குறும்பர் தலைவர்களை எதிர்த்துப் படையெடுக்கிறான். அத்தலைவர்களின் பெயர் சில நூல்களில் ஓணன், வாணன் என்றும், சிலவற்றில் ஓணன், காந்தன் என்றும் காணப்படுகிறது. அவர்களுக்குப் பைரவரின் துணை இருப்பதால் முதற்போரில் மன்னனால் வெல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் அவனுடைய யானையின் கால்கள் முல்லைக்கொடியில் சிக்குகின்றன. மன்னன் வாளால் கொடியை வெட்ட, அடியிலிருந்து குருதி பெருகுகிறது. அங்கே ஒரு லிங்கம் இருப்பதைக் கண்டு, செய்த பிழைக்காகத் தன் கழுத்தையே அரிந்துகொள்ள முற்படுகிறான். இறைவன் தோன்றித் தடுக்கிறார். வெட்டுப்பட்டாலும் தாம் மாசில்லாத மணியே என்கிறார். நந்தியைப் படைத்துணையாக அனுப்புகிறார். மன்னன் கோட்டையை வென்று, அங்கிருந்த இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைக் கொண்டுவந்து கருவறை முன்பு நாட்டுகிறான்.

இவ்வடிவத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் கோயிலில் ஓர் அடையாளம் உண்டு. லிங்கத்தின் மேல் வாள்பட்ட வடு இருப்பதாகக் கூறி ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு இடப்படுகிறது. சித்திரைச் சதயத்தன்று அது களையப்பட்டுப் புதிதாகச் சாத்தப்படுகிறது. நந்தி கருவறையை நோக்காமல் வெளியே நோக்கி அமைந்துள்ளது. கருவறை முன்பு இரு எருக்கந்தூண்கள் உள்ளன. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிய நாளில் மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருப்பதால், குத்தம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி வட்டாரக் குடும்பங்கள் இந்த அடையாளங்களை ஆண்டுதோறும் நேரில் காண்கின்றன. கதை அழியாமல் இருப்பதற்கு ஏடுகளைவிட இந்த வழக்கமே பெரிய காரணம்.

இரண்டாம் வடிவம் காலின் மெக்கன்சி (1754-1821) தம் உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் உள்ளது. இதன் சுருக்கத்தை வில்லியம் டெய்லர் 1857 முதல் 1862 வரை வெளிவந்த சுவடி அட்டவணையில் தந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஒப்பர்ட், இந்தியத் தொல்குடிகளைப் பற்றி 1893இல் வெளியிட்ட நூலில் அதை விரித்துரைத்தார். இவ்வடிவத்தின்படி குறும்பர் முதலில் தலைவன் இன்றிக் காட்டில் திரிந்தனர். தமக்குள் சண்டை மிகுந்ததால் கமண்ட குறும்பப் பிரபு என்பவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் புழலைத் தலைநகராக்கி, நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார். குறும்பர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரோடு கடல் வாணிகம் நடத்தினர். சமண சமயத்தைத் தழுவினர். பின்னர் குலோத்துங்க சோழனின் மகனான ஆதொண்டை படையெடுத்து வந்து முதலில் தோற்றான். அவன் பின்வாங்கித் தங்கிய இடம் சோழன்பேடு. அங்கே கனவில் சிவன் வெற்றியை வாக்களித்தார். மறுமுறை போரிட்டு வென்ற ஆதொண்டை, கோட்டையின் வெண்கலக் கதவைத் தஞ்சாவூர்க் கோயிலுக்குக் கொண்டு சென்றான். நாட்டில் வேளாளரைக் குடியேற்றினான்.

அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் இடையே சோழம்பேடு என்ற பெயர் சாலைப்பெயராகவும் குடியிருப்புப் பெயராகவும் இன்றும் உள்ளது. புழலில் ஆதிநாதர் சமணக் கோயிலும் உள்ளது. எனவே இவ்வடிவத்துக்கும் நிலத்தில் அடையாளங்கள் உண்டு. ஆனால் அடையாளம் இருப்பது வேறு. கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு அது சான்றாவது வேறு. ஓர் ஊர்ப்பெயரிலிருந்து கதை பிறக்கலாம். கதையிலிருந்து ஊர்ப்பெயரும் பிறக்கலாம்.

பழைய நூல்களில் காணப்படாதவை

திருமுல்லைவாயில் பற்றிய பழமையான இலக்கியச் சான்று சுந்தரர் தேவாரம். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணொளி இழந்த நிலையில் சுந்தரர் இத்தலத்தில் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. அதன் ஒரு பாடலில் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடியால் கட்டி, அவன் எல்லையற்ற இன்பம் பெறுமாறு இறைவன் வெளிப்பட்டார் என்ற செய்தி வருகிறது. ஆகவே தொண்டைமான், யானை, முல்லைக்கொடி, இறைவன் வெளிப்படுதல் ஆகிய நான்கும் சுந்தரர் காலத்திலேயே மக்கள் அறிந்தவை.

அப்பாடலில் இல்லாதவையும் கணக்கில் கொள்ள வேண்டியவை. குறும்பர் இல்லை, புழல் இல்லை, கோட்டையும் போரும் இல்லை, வாள்வெட்டும் குருதியும் இல்லை, நந்தி படையோடு சென்றதும் எருக்கந்தூணும் இல்லை. இறைவனை வெள்ளை விடையேறியவர் என்று சுந்தரர் விளிப்பது உண்மை. எனினும் அது சிவனுக்கு எங்கும் வழங்கும் அடைமொழி. போர்த்துணைக் கதையைச் சுட்டுவதன்று. சுந்தரர் பாடலில் யானையைக் கட்டுவது பகையைத் தடுக்கும் செயலாக இல்லை, மன்னனை நிறுத்தித் தன்பால் திருப்பும் அருட்செயலாக உள்ளது. கண்ணிழந்து துயருறும் ஓர் அடியார், வழியில் நிறுத்தப்பட்டு அருள் பெற்ற ஒருவனை நினைத்துக்கொள்வது பதிகத்தின் உணர்ச்சியோடு பொருந்துகிறது. போர்வெற்றி அங்கே தேவைப்படவில்லை.

அடுத்த சான்று சேக்கிழார். பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாருக்குத் தொண்டை நாட்டு ஊர்களும் வழக்குகளும் நன்கு தெரியும். பெரிய புராணத்தில் சுந்தரர் திருமுல்லைவாயிலுக்கு வருவதைச் சொல்லும்போது, தொண்டைமானுக்கு முற்காலத்தில் அருள்செய்த தலத்து இறைவன் என்ற அளவில் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறார். அங்கும் குறும்பர் பேச்சு இல்லை. சொல்லாதது நடக்காததாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு தலத்தைப் பற்றிய இரண்டு பழைய நூல்களும் கொடியை மட்டும் அறிந்து கோட்டையை அறியாதிருப்பது, கோட்டைப் பகுதி பின்னர் வந்து இணைந்தது என்ற முடிவுக்கே வலுச்சேர்க்கிறது.

காலக் குழப்பம்

மெக்கன்சி சுவடி வடிவம் ஆதொண்டையைக் குலோத்துங்க சோழனின் மகன் என்கிறது. முதலாம் குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறியவன். சுந்தரரோ அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர். முல்லைக்கொடியில் யானை சிக்கிய தொண்டைமானைச் சுந்தரர் பாடியிருக்க, அவனே குலோத்துங்கன் மகன் என்று கொள்ள வழியில்லை. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அவருக்கு ஒன்றிரண்டு தலைமுறை முன்பு, அவருடைய சொந்த நாட்டிலேயே அத்தனை பெரிய போர் நடந்திருந்தால், தொண்டைமானுக்கு அருள்செய்ததை அவர் சுந்தரருக்கும் முந்திய பழைய நிகழ்ச்சியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இக்குழப்பம் எப்படி வந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். தொண்டைமான் என்பது ஒரே ஆளின் பெயரன்று. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். அவனுடைய கலிங்க வெற்றியைச் சயங்கொண்டார் பாடினார். சங்க காலத் தொண்டைமான், தேவாரத் தொண்டைமான், சோழர் படைத்தலைவன் ஆகியோர் மக்கள் நினைவில் ஒருவராகக் கலந்திருக்க இடமுண்டு. ஒரு பெயருக்குள் பல நூற்றாண்டுகள் மடிந்துகிடப்பது வாய்மொழி வழக்கில் இயல்பு. அதைப் பிரித்துப் பார்க்காமல், இந்த ஆண்டில் இந்த மன்னன் வென்றான் என்று எழுதுவதே பிழை.

முல்லை நிலத்து ஆயர்களை அடக்கியது பற்றிய பேச்சும் சோழர் மரபில் பழையது. கரிகாலன் பொதுவர் என்னும் ஆயரின் வழியை அழித்ததையும், காட்டை அழித்து நாடாக்கியதையும், குளம் தொட்டு வளம் பெருக்கியதையும் பட்டினப்பாலை புகழ்கிறது. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் உழவு நிலமாக்கிய நெடிய மாற்றத்தின் நினைவு புழல் கதையில் ஒரே போராகச் சுருங்கியிருக்கலாம். மெக்கன்சி சுவடி வடிவம் வேளாளர் குடியேற்றத்தோடு முடிவது இவ்வாறு கருத இடம் தருகிறது.

நந்தியும் எருக்கந்தூணும்

நந்தி வெளிநோக்கி இருப்பது திருமுல்லைவாயிலுக்கு மட்டும் உரிய அமைப்பன்று. ராணிப்பேட்டை அருகிலுள்ள திருவல்லத்திலும், செய்யாற்றில் உள்ள திருவோத்தூரிலும் நந்தி வெளிநோக்கியே உள்ளது. திருவல்லத்தில் கஞ்சன் என்ற அசுரனைத் தடுக்க நந்தி திரும்பியது என்பது கதை. திருவோத்தூரிலும் ஒரு பகைவனை வெல்ல நந்தி துணைபோன கதை உண்டு. ஒரே வகை அமைப்பு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பகைவரைக் கொண்டு விளக்கப்படுகிறது. இதிலிருந்து அமைப்பு முன்னது, விளக்கம் பின்னது என்று கொள்வதே பொருத்தம். ‘சாமி, நந்தி ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது?’ என்று கேட்கும் அடியாருக்கு, அந்தந்த வட்டாரத்துக்குத் தெரிந்த பகைவனின் பெயர் விடையாகியிருக்கிறது. புழல் வட்டாரத்தில் கிடைத்த பெயர் குறும்பர்.

எருக்கந்தூண் இன்னும் ஆழமான செய்தி. எருக்கு ஒரு புதர்ச்செடி. கோட்டையைத் தாங்கும் தூணாக அது வளர்வதில்லை. ஆனால் தமிழ் வழக்கில் எருக்குக்கு ஒரு பொருள் உண்டு. ஆளில்லாத வீட்டில், இடிந்த சுவரில், பாழ்மனையில் முளைப்பது எருக்கு. ஒரு குடும்பம் அழிய வேண்டும் என்று சபிப்பவர், அந்த வீட்டில் எருக்கு முளைக்க என்றே சொல்வார். அதே எருக்கு விநாயகருக்கும் சிவனுக்கும் உகந்த பூ என்ற மதிப்பும் பெற்றது. பாழின் செடியாகவும் வழிபாட்டின் செடியாகவும் ஒருங்கே நிற்பது இதுவே. கோட்டையில் எருக்கந்தூண் இருந்தது என்னும் கதை, அக்கோட்டை வாழ்ந்த காலத்தைக் காட்டிலும் அது பாழ்பட்ட காலத்தை நினைவில் வைத்துள்ளது என்று வாசிக்க இடமுண்டு. கதையை முதலில் சொன்னவர்கள் கண்ட புழல் கோட்டை எருக்கு மண்டிய மேடாகவே இருந்திருக்கலாம்.

பகைவரின் ஊரை அழித்தபின் அங்கே கழுதை பூட்டி உழுவதைப் புறநானூற்றுப் பாடல்கள் கூறுகின்றன; வரகும் கொள்ளும் விதைத்ததையும் குறிக்கின்றன. கோட்டை இருந்த இடம் தெரியாமல் செய்வது வெற்றியின் ஒரு பகுதி. புழல் கதையில் கழுதை ஏர் இல்லை. ஆனால் அதே வேலையை எருக்கு செய்கிறது. அழிந்த கோட்டையின் தூண் மட்டும் வென்றவரின் கோயில் வாசலில் எஞ்சுகிறது.

கோ லோவாவுடன் ஒப்பீடு

வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோ லோவா. அங்கே மூன்று சுற்று மண்மதில்கள் இன்றும் காணப்படுகின்றன. வெளிமதிலின் சுற்றளவு சுமார் 8 கிலோமீட்டர். நடுமதில் சுமார் 6.5 கிலோமீட்டர், உள்மதில் சுமார் 1.65 கிலோமீட்டர். பொ.யு.மு. 3ஆம் நூற்றாண்டில் அவ் லாக் நாட்டை ஆண்ட ஆன் யுவோங் என்ற மன்னன் இதைக் கட்டியதாக மரபு கூறுகிறது.

கதை இதுதான். பகலில் எழுப்பிய மதில் இரவில் இடிந்து விழுகிறது. பொன்னாமை ஒன்று தோன்றி மதிலை நிலைக்கச் செய்து, தன் நகத்தையும் தருகிறது. அந்த நகத்தை விசையாக வைத்துச் செய்த வில் ஒரே எய்தலில் பகைப்படையை வீழ்த்துகிறது. வடக்கிலிருந்து வந்த சாவோ துவோ போரில் வெல்ல முடியாமல், தன் மகனுக்கு மன்னனின் மகள் மி சாவை மணமுடிக்கிறான். மருமகன் வில்லின் விசையைத் திருடிச் செல்கிறான். கோட்டை வீழ்கிறது. தப்பியோடும் தந்தையின் குதிரையில் இருந்த மகள், கணவன் பின்தொடர்ந்து வர வாத்திறகுகளை வழியெல்லாம் போடுகிறாள். உன் பின்னால் இருப்பவளே பகை என்று ஆமை சொல்ல, மன்னன் மகளை வெட்டிவிட்டுக் கடலுள் மறைகிறான். கோ லோவாவில் மி சாவுக்குக் கோயில் உண்டு. அங்கே வழிபடப்படுவது தலையில்லாத கல்லுருவம்.

இக்கதையும் படிப்படியாக வளர்ந்ததே. பொ.யு.மு. 1ஆம் நூற்றாண்டளவில் எழுதிய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென், சாவோ துவோ படைமிரட்டலாலும் பொருட்கொடையாலும் அந்நாட்டைத் தனக்குக் கீழ்ப்படுத்தியதாக மட்டும் கூறுகிறார். மந்திரவில்லும் மகளும் பிந்திய சீனக் குறிப்பில் வருகின்றன. அக்குறிப்பு 6ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் எடுத்தாளப்பட்டுள்ளது. அதில் வில்லைச் செய்து தருபவர் தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு மனிதர், ஆமை இல்லை. ஆமை வருவது பிற்கால வியட்நாமிய நூல்களில். திருமுல்லைவாயிலில் கொடி முந்தியும் நந்தி பிந்தியும் வந்ததுபோலவே, கோ லோவாவில் வில் முந்தியும் ஆமை பிந்தியும் வந்துள்ளன. துணைசெய்யும் விலங்கு இரு கதைகளிலும் கடைசியாகவே சேர்கிறது.

கோ லோவாவில் கதையோடு நிற்காமல் மண்ணையும் கேட்டனர். 1959இல் அங்கே ஆயிரக்கணக்கான வெண்கல அம்புமுனைகள் ஒரே இடத்தில் கிடைத்தன. 1982இல் ஒரு வெண்கல முரசும் அதனுள் கருவிகளும் கிடைத்தன. பின்னர் உள்மதில் பகுதியில் அம்புமுனை வார்க்கும் அச்சுகள் கிடைத்தன. 2007-2008இல் நாம் கிம் என்ற ஆய்வாளரும் வியட்நாமியத் தொல்லியலாளரும் நடுமதிலைக் குறுக்கே வெட்டி, அடுக்குகளின் காலத்தைக் கரிமக் கணிப்பால் ஆராய்ந்தனர். மதிலின் பெரும்பகுதி சீன ஹான் பேரரசு அங்கு வருவதற்கு முன்பே, உள்நாட்டு அரசு ஒன்றினால் எழுப்பப்பட்டது என்ற முடிவு பெறப்பட்டது. பொன்னாமையை எந்த அகழாய்வும் மெய்ப்பிக்காது. ஆனால் வில்லைப் பற்றிய கதை வழங்கிய இடத்தில் அம்புத் தொழில் நடந்தது என்பது உறுதியாயிற்று.

இரண்டு கதைகளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கோ லோவா கதையைச் சொல்பவர்கள் தோற்ற மன்னனைத் தம் முன்னோனாகக் கருதுபவர்கள். ஆகவே எதிரி வலிமையால் வெல்லவில்லை, வஞ்சகத்தால் வென்றான் என்று கதை கூறுகிறது. ஏமாந்த மகளுக்கும் கோயில் கட்டி இரங்குகிறது. புழல் கதை வென்றவர் பக்கமிருந்து சொல்லப்படுவது. ஓணனுக்கோ வாணனுக்கோ இரங்குபவர் அதில் இல்லை. அவர்கள் கோட்டையிலும் பெண்களும் பிள்ளைகளும் இருந்திருப்பர். கதையில் ஒருவருக்கும் பெயர் கிடையாது.

குறும்பர் சித்திரம்

இங்கே மெக்கன்சி சுவடி வடிவத்தின் மதிப்பு வெளிப்படுகிறது. காலத்தில் அது பிழைபட்டாலும், குறும்பரைப் பற்றி அது தரும் சித்திரம் தலவரலாற்றின் சித்திரத்தோடு முரண்படுகிறது. தலவரலாற்றில் குறும்பர் மக்களைத் துன்புறுத்தும் கொடியோர். சுவடியிலோ, தமக்குள் வழக்குத் தீர்க்க ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள். நாட்டைப் பிரித்து ஆண்டவர்கள். கடல் வாணிகம் செய்தவர்கள். ஒரு சமயத்தைப் பேணியவர்கள். 24 கோட்டங்கள் குறும்பர் வகுத்தவை என்ற கூற்றைக் கல்வெட்டைக் கொண்டு நிறுவ இயலாது. ஆனால் தொண்டை மண்டலத்தின் மிகப் பழைய நிலப்பிரிவையே தோற்றவர்களின் கொடை என்று அந்த வட்டாரத்து மக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சொல்லிவந்தனர் என்பது வரலாற்றுச் செய்தி.

இன்றைய மறுகூறல்களின் பெருங்குறை, இந்த முரணை மறைத்துவிடுவதே. தலவரலாற்றிலிருந்து கொடுங்கோலரையும், சுவடியிலிருந்து சோழ இளவரசனையும் எடுத்து இணைத்து, இடையில் உள்ள ஆட்சியையும் வாணிகத்தையும் விட்டுவிடுகின்றனர். சமணத்தைப் பற்றிய குறிப்பும் பெரும்பாலும் விடுபடுகிறது. கிடைப்பது தடையின்றி ஓடும் ஒரே கதை. ஆனால் இரண்டு மூலங்களில் எதற்கும் அது உண்மையாக இல்லை. ஓர் இனத்தின் பெயரைக் கொள்ளையர் என்ற பொருளில் எழுதும்போது, அதே பெயரைத் தாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள் என்ற எண்ணம் எழுதுபவருக்கு வேண்டும்.

மதிப்பீடு

புழல் கோட்டைக் கதையைப் பொய் என்று ஒதுக்குவதும், அப்படியே வரலாறு என்று ஏற்பதும் சமமான பிழைகள். அதில் குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன. முல்லைக்கொடியில் யானை சிக்கித் தொண்டைமான் அருள்பெற்றது முதல் அடுக்கு. இது தேவாரக் காலத்தது. குறும்பர், கோட்டை, நந்தி, எருக்கந்தூண் ஆகியவை இரண்டாம் அடுக்கு. கோயிலின் அமைப்பை விளக்கும் முயற்சியில் இவை வளர்ந்திருக்கலாம். குலோத்துங்கன் மகன், சோழன்பேடு, வேளாளர் குடியேற்றம் ஆகியவை மூன்றாம் அடுக்கு. நிலவுரிமைக்கும் குடிப்பெருமைக்கும் காரணம் கூறும் வழக்குகள் இவற்றில் கலந்துள்ளன. எந்தச் செய்தி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று குறித்துச் சொன்னால் பக்திக்குக் குறைவு வராது. சுந்தரரின் பாடல் அதன் சொந்த அழகோடு தனித்து நிற்கும்.

இவ்வட்டாரத்து மண்ணுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எவரும் கூற முடியாது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள அத்திரம்பாக்கம் உலகறிந்த பழைய கற்கால இடம். பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கருப்பு-சிவப்புப் பானையோடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் உறைகிணறும் வெளிப்பட்டன. மறுபுறம், வெளிவட்டச் சாலையும், குத்தம்பாக்கம் பேருந்து முனையமும், ஏரிக்கரைகளை ஒட்டி எழும் அடுக்ககங்களுமாக இப்பகுதியின் நிலம் வேகமாகப் புரட்டப்படுகிறது. கடைக்கால் தோண்டும்போது பானையோடும் செங்கல்லும் வெளிவந்தால் அதை லாரியில் ஏற்றிக் கொட்டுவதற்கு முன் ஊராட்சிக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிப்பது எவரும் செய்யக்கூடிய பணி. கோ லோவாவின் மதில்கள் வயல்களுக்கிடையே எஞ்சி நின்றதால் அவற்றை வெட்டிப் பார்க்க முடிந்தது. புழலில் எஞ்சியிருப்பதாகக் கதை சொல்பவை ஒரு சமணக் கோயிலும், ஒரு சாலையின் பெயரும், வென்றவரின் கோயிலில் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களும் ஆகும். அத்தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெரியவர்கள், அவை யாரிடமிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம்.